எண்ணெய் பார்த்துப் பந்து

பந்து திரும்பி வந்ததும் நான் உடனே துடைப்பதில்லை. தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். மங்கிய நீலப் பந்தின்மேல் வளையல்களை அடுக்கி வைத்தது போல ஏழெட்டு மெல்லிய எண்ணெய்க் கோடுகள் தெரியும். ஓரிடத்தில் எல்லாம் நெருங்கி, பிறகு விசிறியாக விரிந்து, மறுபக்கத்தில் மீண்டும் நெருங்கும். பக்கத்தில் ஆடும் பிள்ளைகள், பந்தில் கீறல் விழுந்துவிட்டதோ என்று இந்த மனிதர் கவலைப்படுகிறார் என நினைத்துக்கொள்வார்கள். கீறலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 60 அடித் தடத்தில் எண்ணெய் எதுவரை இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு வந்து சொல்லக்கூடிய சாட்சி அந்தப் பந்து ஒன்றுதான். நின்று பார்த்தால் தடம் முழுக்க ஒரே பளபளப்பாகத்தான் தெரியும்.

கிரிக்கெட் பவுலிங்கைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பத்து பின்களை முக்கோணமாக நிறுத்திப் பந்தை உருட்டி வீழ்த்தும் டென்பின் பவுலிங்கைச் சொல்கிறேன். ஜொகூர் பாருவில் இது வெளியூர் ஆட்டம் இல்லை. ஜொகூர் ஜெயாவின் டைமன் வளாகத்தை அறியாத பவுலிங் பிரியர் இங்கே குறைவு. மலேசிய பவுலிங் என்றதும் உலகம் நினைக்கும் முதல் பெயர் ஷாலின் சுல்கிஃப்லி. 1978இல் இதே ஜொகூர் பாருவில் பிறந்தவர், நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை ஒருமுறைக்கு மேல் வாங்கியவர். மலேசிய டென்பின் பவுலிங் காங்கிரசின் தலைவராக இருந்து இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் டத்தோ டாக்டர் பி.எஸ்.நாதன் ஒருவர். ஆக, தமிழ்க் காதுக்கும் இது அந்நியச் சத்தம் இல்லை.

ஆனாலும் பந்து எடுக்கப் போகும்போது நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது இரண்டைத்தான்: எடை, விரல் துளை. அதற்கு மேல் போனால் நிறம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகச் சொந்தப் பந்து வாங்கினேன். 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 6.8 கிலோ. "இப்ப இருக்கிறதிலேயே பலமான பந்து இதுதான், அண்ணே" என்றார் விற்றவர். பலமான பந்து என்றால் அதிகம் வளையும் பந்து என்று பொருள். பல நூறு ரிங்கிட் கொடுத்தேன். அன்றிரவே ஒரு பேரங்காடித் தளத்துக்கு எடுத்துப் போய் உருட்டினேன். பாதித் தடம் தாண்டுவதற்குள் கயிறு அறுத்த மாடு போல இடப்பக்கம் பாய்ந்தது. இன்னும் வலப்பக்கமாக விட்டுப் பார்த்தேன், அப்போதும் பாய்ந்தது. மூன்றாவது முறை நேராக லொங்காங்கிலேயே போய் விழுந்தது. தடத்தின் இருபுறமும் உள்ள பள்ளத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சாக்கடைக்கான மலாய்ச் சொல்லையே வைத்துக்கொண்டோம். தளத்தில் கிடந்த பொதுப் பந்தை எடுத்து ஆடிய என் அலுவலக நண்பர் அன்று என்னை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்தார்.

பந்தின்மேல் குற்றம் இல்லை என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. நீளமாக எண்ணெய் பூசிய தடத்தில் நடந்த ஒரு சிறு போட்டியில், அதே பந்து பசுமாடு போலச் சாதுவாக நடந்துகொண்டது. மாறியது எண்ணெய்.

எண்ணெய் என்றதும் ஜொகூர்க்காரன் மனம் செம்பனைத் தோட்டத்துக்குத்தான் போகும். கூலாய், குளுவாங் பக்கம் சாலை நெடுகப் பார்த்து வளர்ந்த கண் அல்லவா. ஆனால் பவுலிங் தடத்துக்குச் செம்பனை எண்ணெய் உதவாது. குளிர்சாதன அறையில் அது மெல்ல உறையத் தொடங்கிவிடும். தாவர எண்ணெய் எதுவானாலும் காற்றுப் பட்டு நாளடைவில் பிசுபிசுக்கும்; பழைய தோசைக்கல்லின் விளிம்பில் படிந்திருக்கும் பிசினை நினைத்துக்கொள்ளுங்கள். எனவே நிறமற்ற கனிம எண்ணெய்தான் அடிப்படை. அதை ஒரு இயந்திரம் தடத்தின்மேல் ஊர்ந்தபடி, பழையதைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசும்.

எவ்வளவு பூசும்? ஒரு தடத்துக்கு சுமார் 25 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தேக்கரண்டி. ஒன்றேகால் மீட்டர்கூட அகலமில்லாத தடத்தில் முதல் 40 அடிக்கு இதைப் பரப்பினால், கணக்குப்படி சராசரியாக 2 மைக்ரான் தடிமன் வருகிறது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கடைசி 20 அடியில் எண்ணெயே பூசுவதில்லை. இந்த 2 மைக்ரான்தான் ஒருவரை 200 புள்ளி எடுக்கவும் வைக்கிறது, என்னைப் போன்றவனை லொங்காங்கில் தள்ளவும் செய்கிறது.

எண்ணெய் ஏன் வந்தது என்பதற்கு ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லை. தடங்கள் மரமாக இருந்த காலத்தில், கனமான பந்து மோதித் தேய்க்கும் இடத்தில் மேல்பூச்சு கெடாமல் இருக்கப் பூசினார்கள். மேப்பிளும் பைனும் போய் செயற்கைத் தளம் வந்த பிறகும் எண்ணெய் போகவில்லை. அதற்குள் ஆட்டமே எண்ணெயைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

இனி பந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். நல்ல ஆட்டக்காரர் கையிலிருந்து பந்து நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில், ஏறக்குறைய மணிக்கு 29 கிலோமீட்டரில் புறப்படுகிறது. பந்தின் சுற்றளவு 68 சென்டிமீட்டர் அளவு. அந்த வேகத்தில் சறுக்காமல் சக்கரம் போல உருள வேண்டுமானால் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்ற வேண்டும். நம் கை தருவது 300 வந்தாலே பெரிது. ஆகவே பந்து உருண்டுகொண்டு புறப்படுவதில்லை, சறுக்கிக்கொண்டே புறப்படுகிறது. சறுக்கும் பந்தைத் தடத்தின் உராய்வு பிடித்து இழுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, சுற்றைக் கூட்டி, ஒரு கட்டத்தில் உருளலாக மாற்றுகிறது.

கேரம் பலகையில் பவுடர் தூவி ஆடியவர்களுக்கு மீதியை நான் விளக்கவே வேண்டாம். பவுடர் உள்ள இடத்தில் காய் வழுக்கிப் போகும். இல்லாத இடத்தில் முனகிக்கொண்டு நிற்கும். இங்கே எண்ணெயிட்ட பகுதியில் உராய்வுக் கெழு சுமார் 0.04. காய்ந்த பகுதியில் சுமார் 0.2, ஐந்து மடங்கு. பந்தைச் சுழற்சியே இல்லாமல் விட்டால், காய்ந்த தளத்தில் 8 மீட்டருக்குள் அது முழுதாக உருளத் தொடங்கிவிடும். தடம் முழுக்க எண்ணெய் இருந்தால் அதற்கு 40 மீட்டர் வேண்டும். தடமோ 18.3 மீட்டர்தான். அதாவது, எண்ணெய் நிறைந்த தடத்தில் பந்து உருளத் தொடங்கும் முன்பே பின்களைத் தாண்டிப் போய்விடும்.

வளைவும் இந்த உராய்விலிருந்துதான் பிறக்கிறது. பந்தை விடும்போது விரல்கள் பக்கவாட்டில் ஒரு திருப்பம் கொடுக்கின்றன. பந்து முன்னால் போகிறது, ஆனால் கொஞ்சம் சாய்ந்த அச்சில் சுழல்கிறது. தடத்தைத் தொடும் புள்ளி எந்தத் திசையில் சறுக்குகிறதோ அதற்கு எதிர்த்திசையில் உராய்வு தள்ளும். வலக்கைக்காரர் விட்ட பந்தை அதில் ஒரு பங்கு இடப்பக்கம் தள்ளுகிறது. உராய்வு சீராக இருக்கும்வரை பந்தின் பாதை, மேலே எறிந்த கல்லின் பாதை போன்ற ஒரு பரவளையம். உருளத் தொடங்கிய நொடியில் வளைவு நின்றுவிடும், பிறகு நேர்கோடுதான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கங்களை ஆராய்ந்துவந்த கிளிஃப் ஃப்ரோலிக், 2004இல் இந்த வளைவுக்கு என்றே ஓர் இயற்பியல் கட்டுரை எழுதினார். பூமி நடுங்குவதை ஆராய்பவர் பந்து வளைவதற்கு அத்தனை பக்கம் ஒதுக்கினார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வளைய வேண்டியதன் அவசியம் என்ன, நேராக விட்டால் ஆகாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வலக்கைக்காரர் குறிவைப்பது முன்முனையில் நிற்கும் தலைப்பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் இடையிலுள்ள சந்து, பாக்கெட் என்பார்கள். தடத்தின் வலது ஓரத்திலிருந்து அந்தச் சந்துக்கு நேர்கோடு இழுத்தால் கோணம் ஒன்றரை டிகிரிகூட வராது. 6 டிகிரிக்கு அருகில் நுழையும் பந்துதான் பத்தையும் அதிகம் வீழ்த்துகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. நேர்ப்பந்து தலைப்பின்னில் பட்டு விலகிவிடும். வளைந்து வருவது உள்ளே துளைக்கும். பத்தும் ஒரே பந்தில் விழுவதுதான் ஸ்டிரைக். ஒரு சுத்தமான ஸ்டிரைக்கில் பந்து தொடுவது வெறும் நான்கு பின்களை: 1, 3, 5, 9. மீதி ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன.

முதல் 40 அடி வழுக்கிச் சக்தியைச் சேமித்துக்கொண்டு, கடைசி 20 அடியில் பிடிமானம் கண்டு வளைந்து, பின்களை அடையும்போது உருண்டுகொண்டிருக்க வேண்டும். இதுதான் பந்திடம் நாம் கேட்பது. முன்கூட்டியே பிடித்துவிட்டால் என் முதல் பந்தின் கதை. பிடிக்கவே இல்லை என்றால் தலைப்பின்னின் வலப்பக்கத்தை உரசிக்கொண்டு போய்விடும்.

பிடிப்பது பந்தின் தோல். ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. எனக்குத் தோல் போதும். அதன் வரலாறு சுவாரசியமானது. முதலில் லிக்னம் வைட்டே என்ற, தண்ணீரில் மூழ்கும் அளவு கனமான மரம். 1905இல் ரப்பர் பந்து வந்தது. 1960களில் பாலியெஸ்டர், நாம் பிளாஸ்டிக் பந்து என்று சொல்வது. தளத்தில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகள் இன்றும் இந்த வகைதான். வழவழப்பானது, எண்ணெய் குடிக்காது, பெரும்பாலும் நேராகப் போகும்.

1973இல் டான் மெக்கியூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு காரியம் செய்தார். பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்தார். தோல் இளகியது. இளகிய தோல் தடத்தைக் கவ்வியது. அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்கள், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ரகசியம் வெளியானதும் மற்றவர்களும் வாளியும் கரைப்பானுமாகக் கிளம்பிவிட்டார்கள். பெயிண்ட் கடை வாசனையும் தீப்பிடிக்கும் தன்மையும் கொண்ட திரவம் அது. நல்ல வேளை, ஆட்ட நிர்வாகங்கள் விழித்துக்கொண்டு பந்தின் கடினத்துக்குக் கீழ்வரம்பு வைத்தன. ஒரு சிறு ஊசியைத் தோலில் அழுத்தி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் கருவி, அன்றிலிருந்து இன்றுவரை போட்டித் தளங்களில் உண்டு. மெக்கியூன் வாளியில் செய்ததைத்தான் பிறகு தொழிற்சாலைகள் முறையாகச் செய்தன என்பது என் கருத்து. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் தோல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்து ஆட்டத்தையே புரட்டிப்போட்டது.

ரியாக்டிவ் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. தடத்து எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் எண்ணெய்க்குள்ளேயே கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறது, காய்ந்த இடத்தில் பலமான பிடிமானம் கிடைக்கிறது. இதிலும் இரண்டு பிரிவு. சாலிட் என்பது மங்கலானது, சீக்கிரம் பிடிப்பது. பேர்ல் என்பது முத்துப் பளபளப்பைத் தரும் துகள் கலந்தது. எண்ணெயில் நழுவி, கடைசியில் சட்டென்று திரும்பும். இரண்டையும் கலந்து ஹைபிரிட். கடைக்காரர் பேச்சில் இன்னும் நூறு பெயர் வரும். இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

உள்ளே இருக்கும் கருவைப் பற்றியும் கடையில் நிறையச் சொல்வார்கள். பல்பு வடிவம், கோபுர வடிவம் என்று வெட்டுப்படம் காட்டுவார்கள். அதன் வேலை நிஜம்தான். கரு, பந்தின் சுழல் அச்சை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்த்துகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத் தோல் தடத்தைத் தொடுகிறது. தொடக்கத்தில் சொன்னேனே, வளையல் வளையலாகக் கோடுகள், அவை இதன் தடயம். பந்து எண்ணெயில் இருந்த நேரம் ஒன்றரை நொடி, நொடிக்கு ஐந்து சுற்று, ஏழெட்டுக் கோடு. கோடுகளை எண்ணினால் எண்ணெயின் நீளமும் உங்கள் கையின் சுழற்சியும் சேர்ந்து பதிலாக வரும். ஆனால் கருவை மட்டும் பார்த்துப் பந்து வாங்குவது, எஞ்சினைப் பார்த்துவிட்டு டயரைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிள் வாங்குவது போல. அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் பல பந்துகளை இயந்திரத்தால் உருட்டிச் சோதித்தபோது, பந்தின் போக்கை அதிகம் தீர்மானித்தது தோலின் சொரசொரப்புதான் என்று கண்டது.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த எண் இங்கேதான் இருக்கிறது. விதிப்படி பந்தின் சொரசொரப்பு சராசரியாக 50 மைக்ரோ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மெட்ரிக்கில் 1.27 மைக்ரான். தடத்தின் எண்ணெயோ 2 மைக்ரான் அளவு. தோலின் மேடுபள்ளமும் எண்ணெயின் ஆழமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன! நன்றாகத் தேய்த்த பந்தின் முகடுகள் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு தளத்தைத் தொட்டுவிடுகின்றன. பாலிஷ் போட்ட பந்தின் முகடுகளோ எண்ணெயின் ஆழத்தில் சிறு பங்கு உயரம்தான். அது எண்ணெயின்மேலேயே மிதந்து போகிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் பந்து துளையிடும் ஒரு தம்பி. இரண்டாவது பந்து கேட்டுப் போனேன். என் முதல் பந்தைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பந்த மாத்தாதீங்க அண்ணே, தோல மாத்துங்க" என்றார். கிண்ணம் போன்ற ஒரு சுழலியில் பந்தை வைத்து, தண்ணீர் தெளித்து, வட்டமான தேய்ப்புப் பட்டையை அழுத்தினார். சர்ர் என்ற சத்தத்துடன் நீலச் சேறு போல வழிந்தது. 500 எண் பட்டையிலிருந்த தோலை 2000, 4000 என்று ஏற்றி, கடைசியில் பாலிஷ் போட்டார். எண் ஏற ஏற வழவழப்பு. பத்து நிமிட வேலை. அன்று மாலை அதே பேரங்காடித் தளத்தில் அந்தப் பந்து 40 அடிவரை பொறுமையாகப் போய்த் திரும்பியது. பாதித் தடத்தில் மாடு போல் பாய்ந்த அதே பந்துதான்.

சரி, எந்த எண்ணெய்க்கு எந்தத் தோல்?

பேரங்காடித் தளங்களில் பூசுவது பெரும்பாலும் இரக்கமுள்ள எண்ணெய். சுமார் 40 அடி நீளம். நடுவில் நிறைய, ஓரங்களில் கொஞ்சம். நடுவில் ஓரத்தைப் போலப் பத்து மடங்குவரைகூட இருக்கும். வலப்பக்கம் தவறிப்போன பந்து ஓரத்தின் காய்ந்த இடத்தில் பிடித்து உள்ளே திரும்பிவிடும். நடுவில் தவறியது எண்ணெயில் வழுக்கி நேராகப் போகும். இரண்டு தப்பையும் தடமே திருத்திக் கொடுக்கிறது. போட்டித் தடத்தில் இந்தச் சலுகை இல்லை. அங்கே நடுவுக்கும் ஓரத்துக்கும் வேறுபாடு 3 மடங்குக்குள் என்று வரம்பு. தளத்தில் 200 சராசரி வைத்திருப்பவர் அங்கே போய் 20, 30 புள்ளி இறங்குவது சாதாரணம். இறங்கியவர் கையைக் குறை சொல்வார். முதலில் பந்தைக் குறை சொல்லலாம்.

எண்ணெயின் நீளம் தெரிந்தால் ஒரு எளிய கணக்கு உண்டு. நீளத்திலிருந்து 31ஐக் கழியுங்கள். தடத்தின் அகலம் 39 பலகைகளாகக் கணக்கிடப்படுகிறது. எண்ணெய் முடியும் இடத்தில் பந்து வலமிருந்து எத்தனையாவது பலகையில் இருக்க வேண்டும் என்பது விடை. 40 அடி என்றால் 9ஆவது பலகை. 45 அடி என்றால் 14. 35 அடி என்றால் 4, கிட்டத்தட்ட லொங்காங்கின் விளிம்பு. கணக்கு தோராயம்தான், ஆனால் தெரியாத ஊரில் வழி கேட்பதற்கு உதவும்.

45 அடி நீள எண்ணெயில் பந்து திரும்ப மிஞ்சுவது 15 அடி. இங்கே சீக்கிரம் பிடிக்கும் பந்து வேண்டும்: சாலிட் ரியாக்டிவ், 1000, 2000 எண்ணில் தேய்த்தது, எண்ணெய்க் கோடுகளை அகல விரிக்கும் கரு. பேர்ல் பந்தைக் கொண்டுவந்தால் திரும்ப நினைக்கும்போது பின்கள் வந்துவிடும். என் முதல் பந்து சாதுவானது இத்தகைய தடத்தில்தான்.

குட்டை எண்ணெயில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். எண்ணெய் குறைவு, காய்ந்த இடம் 25 அடி. பலமான ரியாக்டிவ் அங்கே எண்ணெய் முடிந்த கோட்டிலேயே வெட்டித் திரும்பும். பாக்கெட் எங்கேயோ, பந்து எங்கேயோ. இங்கே யூரித்தேன்தான் நல்லது. அது எண்ணெயைக் குடிப்பதில்லை, காய்ந்த இடத்தில் பதறுவதும் இல்லை. தொடக்கத்திலிருந்தே மெதுவாக, ஒரே அளவாக வளைகிறது. பழைய தலைமுறைப் பந்து என்று ஒதுக்கப்பட்டிருந்த யூரித்தேன் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பையில் திரும்பவும் இடம்பிடித்ததற்கு இந்தக் குணமே காரணம். யூரித்தேன் இல்லாதவர் பாலிஷ் போட்ட, விரிப்பு குறைந்த ஒரு பந்தை வைத்துச் சமாளிக்கலாம்.

நடுத்தர எண்ணெய்க்கு, அதாவது ஜொகூர் பாருவில் வாரம் ஒருமுறை ஆடும் நம்மில் பத்தில் ஒன்பது பேருக்கு, மிதமான ஒரு ஹைபிரிட் அல்லது பேர்ல், 3000, 4000 எண் தோலில், போதும். எடையையும் பெருமைக்காக ஏற்ற வேண்டாம். வேகம் குறையாமல் மூன்று ஆட்டம் தாங்கும் எடைதான் உங்கள் எடை. கூடவே ஒரு பிளாஸ்டிக் பந்து. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். மூலையில் ஒற்றையாக நிற்கும் பத்தாம் பின்னை வீழ்த்த எண்ணெயைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் போகும் பந்துதான் வேண்டும். ஸ்டிரைக்குக்குப் பாராட்டு கிடைக்கும், ஆனால் ஆட்டங்கள் தோற்பது அந்த ஒற்றைப் பின்களில்தான்.

இத்தனையும் எண்ணெய் பூசிய முதல் மணி நேரத்துக்கு. அதற்குப் பிறகு தடம் மாறிக்கொண்டே இருக்கும். விளையாட்டுக் குழு ஒன்று ரியாக்டிவ் பந்துகளோடு இரண்டு மணி நேரம் ஆடிய தடத்தில் போய் நில்லுங்கள்: எல்லாரும் உருட்டிய பாதையில் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வாய்க்கால் மாதிரி காய்ந்திருக்கும். முதலில் சரியாக வந்த பந்து இப்போது முன்கூட்டியே பாயும். இரண்டு பலகை உள்ளே நகர்ந்து நில்லுங்கள், அல்லது வழவழப்பான பந்துக்கு மாறுங்கள். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வந்த பிள்ளைகள் பொதுப் பந்தில் ஆடிய தடத்தில் நடப்பது இதற்கு நேரெதிர். பிளாஸ்டிக் எண்ணெயைக் குடிக்காது. முன்னால் உள்ளதை ஒட்டிக்கொண்டுபோய், காய்ந்திருக்க வேண்டிய பின்பகுதியில் அப்பிவிடும். உங்கள் பந்து திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. பிள்ளைகளைக் கோபித்துப் பயனில்லை. கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டியபோது எண்ணெயில் நீலச் சாயம் கலந்து பூசியதுண்டு. பந்து போகப் போக நீலம் கலைவதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே எழுதியது எல்லாம் ஒரே ஆட்டத்தில் விளங்கியிருக்கும். நம் தளங்களில் அந்த வசதி இல்லை. ஆகவே பயிற்சிக்குத் தரும் முதல் சில பந்துகளை பின்களைப் பார்த்து வீணாக்காதீர்கள். ஒன்றை ஓரத்தில் விடுங்கள், ஒன்றை நடுவில் விடுங்கள். எங்கே திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். திரும்பி வந்ததும் கோடுகளைப் பாருங்கள். கோடு தடிமனாக, ஈரமாக இருந்தால் எண்ணெய் நிறைய. துணியில் துடைத்தால் கறைகூட வரவில்லை என்றால் தடம் காய்ந்துகிடக்கிறது. தோலைத் தேய்ப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே தேய்த்துவிடுங்கள். போட்டியின் நடுவில் தோலை மாற்றுவது விதிக்குப் புறம்பு.

ரியாக்டிவ் பந்து குடித்த எண்ணெய் தானாக வெளியே வராது. ஒவ்வொரு முறை ஆடியதும் அதற்கென விற்கும் திரவத்தால் துடையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் துளைகளை டேப்பால் மூடி, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பந்தை வாளியில் மூழ்கவையுங்கள். தண்ணீரின்மேல் மெல்ல எண்ணெய்ப் படலம் மிதக்கும். செத்துவிட்டது என்று நினைத்த பந்து மறுநாள் திரும்பத் தொடங்கும். கொதிநீர் வேண்டாம்.

வெயிலும் வேண்டாம். ஜொகூர் பாருவில் நண்பகலில் நிறுத்திய காரின் பூட் அடுப்பு மாதிரி. தோலும் கருவும் வெவ்வேறு அளவில் விரியும்; பிறகு குளிர்சாதனத் தளத்துக்குள் கொண்டுபோனால் வெவ்வேறு அளவில் சுருங்கும். என் முதல் பந்தை ஒரு சனிக்கிழமை பூட்டில் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போய்த் திரும்பினேன். பாலத்து நெரிசலில் மட்டும் மூன்று மணி நேரம். மறுவாரம் கட்டைவிரல் துளையிலிருந்து நடுவிரல் துளைவரை முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்தப் பந்து இப்போது வீட்டு வாசலில் செம்பருத்தித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.